கப்பலுக்கு ஒயின் கொண்டு போகலாமா? கூடவே அம்மாவோட முறுக்கும்

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லி எழுதின பதிவு இல்லை. குடிக்காதவங்களும் தாராளமாப் படிக்கலாம். சொல்லப்போனா அவங்கதான் முக்கியமாப் படிக்கணும்.

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். மிச்ச நேரத்தை ஹிஞ்சவாடி டிராஃபிக் தின்னுடுது. இன்னிக்கு உக்காந்து எழுத வெச்சது எங்க அபார்ட்மெண்ட் வாட்சப் குரூப்.

வாகட்ல எங்க காம்ப்ளெக்ஸ்ல பதினோரு தமிழ்க் குடும்பம். சேர்ந்து பொங்கல் வைப்போம், சேர்ந்து கொலு சுத்துவோம், நடுநடுவுல சண்டையும் போட்டுப்போம். இந்த வருஷம் எல்லாருமா மும்பையில கப்பல் ஏறி கோவா வரைக்கும் போயிட்டு வரலாம்னு பேச்சு. மூணு ராத்திரி. குழந்தைங்களுக்கு நீச்சல் குளம், பெரியவங்களுக்குக் கடல் காத்து, ஆம்பளைங்களுக்கு... சரி விடுங்க, உங்களுக்கே தெரியும். டிராவல் ஏஜெண்ட் போற போக்குல ஒரு வரி சொன்னார்: "வெளிச் சரக்கு, வெளிச் சாப்பாடு ரெண்டும் ஏத்த விட மாட்டாங்க சார்."

அவ்வளவுதான், அன்னிக்கு ராத்திரி குரூப் பத்தி எரிஞ்சுது.

ஒரு கோஷ்டி உடனே ஆராய்ச்சியில இறங்கிடுச்சு. மவுத்வாஷ் பாட்டிலை நல்லாக் கழுவி, வெள்ளை ரம்மை ஊத்தி, ரெண்டு சொட்டு பச்சைக் கலர் விட்டா எந்த ஸ்கேனருக்கும் தெரியாதாம். இன்னொருத்தர் தேங்காய் எண்ணெய் பாட்டிலை சிபாரிசு பண்ணினார். அடுத்த கோஷ்டி: "ரூல்னா ரூல். பிடிக்கலேன்னா போகாதீங்க." நான் ரெண்டு கோஷ்டியிலயும் இல்லை. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம்.

என் கதையையும் சொல்லிடறேன். எங்க கல்யாணம் நடந்து இருபது வருஷம் ஆகுது. நாசிக் போயிருந்தப்போ நானும் தங்கமணியும் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் வாங்கி, அந்த நாளுக்குன்னு துணி பீரோவில பத்திரமா வெச்சிருக்கோம். அம்மா ஒரு தடவை அதைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டாங்க. "திராட்சை ரசம்மா"ன்னு சொன்னேன். பொய் இல்லையே :-) அந்த நாள் கப்பல்ல இருக்கும்போது வருது. அந்த ஒரு பாட்டிலைக் கொண்டு போகலாமாங்கறதுதான் என் கேள்வி. அதை யோசிக்கப் போய்தான் பழைய முறுக்கு ஞாபகம் வந்துச்சு.

கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கறேன். 2018. அந்த வருஷம் புனேல இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், மல்டிபிளக்ஸ் பாப்கார்ன் விலையை வெச்சு ஊரே சூடா இருந்துச்சு. வெளிச் சாப்பாட்டை ஏன் தடுக்கறாங்கன்னு மும்பை உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கு ஓடிட்டு இருந்துச்சு. ஜூன் மாசம் இங்க புனேல நவநிர்மாண் சேனாக்காரங்க ஒரு தியேட்டருக்குள்ள போய் மேனேஜரை அடிச்சாங்க. அது தப்பு. அந்த மேனேஜரும் நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான், பாப்கார்னுக்கு விலை வெச்சது அவர் இல்லை. ஜூலையில மாநில அமைச்சர் ரவீந்திர சவான் சட்டமன்றக் கூட்டத்தொடர்ல எழுந்து, வெளிச் சாப்பாட்டுக்குத் தடை கிடையாதுன்னு அறிவிச்சார். எல்லா சேனல்லயும் வந்துச்சு.

எங்கம்மாவும் பார்த்தாங்க. அந்தத் தீபாவளிக்கு மதுரையிலேருந்து வந்திருந்தாங்க. எல்லாருமா தமிழ்ப் படத்துக்குக் கிளம்பினோம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ரொம்ப நேரம் வெறும் வயித்துல இருக்கக்கூடாது. ஒரு எவர்சில்வர் டப்பாவில கைமுறுக்கு போட்டு, மஞ்சப்பையில வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. "அதான் கொண்டு போகலாம்னு டிவியிலயே சொல்லிட்டானே"ன்னாங்க.

வாசல்ல பை பரிசோதனை. காவலுக்கு நின்ன பொண்ணு டப்பாவைத் திறந்து பார்த்துட்டு மராத்தியில ஏதோ சொல்லுச்சு. அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. அந்தப் பொண்ணு முறுக்கு கேக்குதுன்னு நினைச்சுட்டாங்க. ஒண்ணை எடுத்து நீட்டி, "எடுத்துக்கம்மா, வீட்டுல சுட்டது"ன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுச்சு. பின்னாடி சூப்பர்வைசர் பார்த்துட்டு இருந்தார். டப்பாவை வாங்கி மேஜை மேல வெச்சுட்டு, உள்ள போங்கன்னு கையைக் காட்டுச்சு. எங்களுக்குப் பின்னாடி முப்பது பேர் வரிசையில நிக்கறாங்க. நீட்டின முறுக்கு இன்னும் அம்மா கையில.

படம் முடிஞ்சு வந்து பார்த்தா மேஜையில டப்பா இல்லை. ஷிஃப்ட் மாறிடுச்சாம், யாருக்கும் தெரியலை. அந்த டப்பாவில எங்க தாத்தா பேர் பொறிச்சிருக்கும். அம்மாவோட கல்யாணச் சீர். அம்மா ஒரு வார்த்தை பேசலை. ஆனா அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எங்களோட தியேட்டருக்கு வந்ததில்லை. கூப்பிட்டா "நீங்க போயிட்டு வாங்க"ன்னுடுவாங்க.

அமைச்சர் சொன்னது என்னாச்சு? ஆகஸ்ட்லயே ஆவியாயிடுச்சு. வெளிச் சாப்பாட்டை உள்ள விட்டா பாதுகாப்புப் பிரச்சினை வரும்னு மாநில அரசே உயர் நீதிமன்றத்துல எழுதிக் குடுத்துச்சு. விமானத்துலயே வீட்டுச் சாப்பாடு கொண்டு போக முடியுதே, தியேட்டருக்கு மட்டும் என்ன ஆபத்துன்னு நீதிபதிகள் திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா சினிமா டயலாக் மாதிரி கைதட்டல் வாங்கினதோட சரி. டிவியில அமைச்சர் பேச்சைக் கேட்டவங்க எத்தனை பேர் ஆகஸ்ட் பிரமாணப் பத்திரத்தைப் படிச்சிருப்பாங்க? எங்கம்மா படிக்கலை.

கடைசி வார்த்தை உச்ச நீதிமன்றத்துலேருந்து வந்துச்சு. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கக்கூடாதுன்னு ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-ல குடுத்த உத்தரவை, 2023 ஜனவரி 3-ம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி நரசிம்மாவும் ரத்து பண்ணினாங்க. தியேட்டர் தனியார் சொத்து, உள்ள என்ன கொண்டு வரலாம்னு முதலாளி முடிவு பண்ணலாம், பாப்கார்ன் வாங்கியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்தலை. ஒருத்தர் ஜிலேபி சாப்பிட்டுட்டு பிசுக்குக் கையை சீட்டுல துடைச்சா என்ன பண்றதுன்னும் தலைமை நீதிபதி கேட்டார். கூடவே, குடிதண்ணி இலவசமாக் குடுக்கணும், கைக்குழந்தைக்கான சாப்பாட்டைத் தடுக்கக்கூடாதுங்கறதையும் பதிவு பண்ணினாங்க.

எங்க குரூப்ல "ரூல்னா ரூல்" கோஷ்டி காட்டறது இந்தத் தீர்ப்பைத்தான். நான் தீர்ப்போட சண்டை போட வரலை. ரெண்டரை மணி நேரம் பாப்கார்ன் இல்லாம இருந்தா யாரும் செத்துட மாட்டோம். வேணும்னா இடைவேளைக்கு முன்னாடி சாப்பிட்டுட்டு வரலாம், முடிஞ்சதும் தெருமுனையில வடாபாவ் வாங்கிக்கலாம். வெளியே ஒரு தெரு இருக்கு, அதனால அந்த நியாயம் அங்க நிக்குது.

கப்பலுக்கு வெளியே என்ன இருக்கு? அரபிக்கடல்!

மூணு ராத்திரி ஒரே கடை, ஒரே விலைப்பட்டியல். பிடிக்கலைன்னா எழுந்து பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. "வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலையே"ங்கற வாதம் கரையில சரி. நடுக்கடல்ல அந்த வாதத்துக்குப் பாதி பலம்தான். கிளம்பவே முடியாத இடத்துல கடை வெச்சிருக்கறவருக்கு, தெருமுனைக் கடைக்காரரை விட அதிகப் பொறுப்பு உண்டு. என் மொத்தக் கட்சியும் இதுதான். மிச்சமெல்லாம் இதுக்கு உதாரணம்.

எதிர்த் தரப்போட பலமான வாதத்தையும் சொல்லணும், இல்லேன்னா அழுகுணி ஆட்டம் ஆயிடும். கப்பல் கம்பெனிக்கு டிக்கெட் மட்டும் வருமானம் இல்லை. உலகத்துப் பெரிய கம்பெனிகளோட ஆண்டறிக்கையைப் பார்த்தீங்கன்னா, வருமானத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியிலேருந்து வருது. பார், சூதாட்டம், ஸ்பா, கரையில ஊர் சுத்திக் காட்டறதுன்னு. டிக்கெட் விலை கைக்கு எட்டற மாதிரி இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதாவது, சொட்டுக் குடிக்காத எங்கம்மாவோட டிக்கெட்டுக்கு, பார்ல உக்காந்திருக்கற ஒருத்தர் தன் கிளாஸ் மூலமாக் கொஞ்சம் மொய் எழுதறார். எல்லாரும் சரக்கைக் கையோட கொண்டு வந்தா கம்பெனி அந்த நஷ்டத்தை அம்மா டிக்கெட்டுல ஏத்தும். குடிக்காதவங்களும் இதைப் படிக்கணும்னு சொன்னது இதனாலதான்.

இந்தச் சிக்கலுக்கு ஒயின் குடிக்கற ஊர்க்காரங்க எப்பவோ தீர்வு கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்குப் பேர் கார்க்கேஜ். உன் பாட்டிலை நீ கொண்டு வா. நான் திறந்து, கிளாஸ் குடுத்து, கழுவி வெக்கறேன். அதுக்கு இவ்வளவு கூலி. மெல்போர்ன்ல இருக்கற நம்ம ஆளுங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க. பாட்டிலைக் கையில எடுத்துட்டு ஓட்டலுக்குப் போறது அங்க ரொம்ப சாதாரணம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. துணி நம்முது, தையல் கூலி டெய்லரோடது. புனேல சந்துக்குச் சந்து இருக்கற மாவு மில்லுக்குக் கோதுமையை நாம தூக்கிட்டுப் போறோம், அரவைக் கூலி அவருக்கு. "என் கோதுமையை வாங்கினாத்தான் அரைப்பேன்"னு எந்த மில்காரரும் சொல்றதில்லை. எங்க ஊர்ல எத்தனையோ கல்யாண மண்டபத்துல வெளிச் சமையல்காரரை விடறாங்க, மண்டபத்துக்குன்னு ஒரு தொகை வாங்கிக்கறாங்க. பொருளுக்கு ஒரு விலை, இடத்துக்கும் உழைப்புக்கும் ஒரு விலைன்னு பிரிச்சுப் பார்க்கறது நமக்குப் பழகின கணக்குதான்.

உச்ச நீதிமன்றமே ஒரு தடவை அப்படிப் பிரிச்சிருக்கு. ஓட்டல்ல பாட்டில் தண்ணிக்கு அச்சடிச்ச விலையை விட அதிகம் வாங்கலாமான்னு ஒரு வழக்கு. 2017 டிசம்பர் தீர்ப்புல, வாங்கலாம்னு சொன்னாங்க. ஏன்னா ஓட்டலுக்கு வர்றவர் வெறும் தண்ணி வாங்கிட்டுப் போக வரலை, அங்க உக்கார்ற இடத்தையும் சேவையையும் சேர்த்துத்தான் அனுபவிக்கறார். ரொம்ப சரி. இடத்துக்குன்னு தனியா ஒரு விலை இருக்குன்னா, அந்த விலையை என்கிட்ட வாங்கிக்கோங்களேன்! பாட்டிலை ஏன் பிடுங்கறீங்க?

வெளிநாட்டுக் கப்பல்கள் பலதுல இதைத்தான் செய்யறாங்க. கார்னிவல்ல 21 வயசான ஒவ்வொருத்தரும் ஏறும்போது 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வரலாம். சாப்பாட்டு அறையில திறந்தா கார்க்கேஜ். ராயல் கரீபியன்லயும் ஆளுக்கு ஒரு பாட்டில். குழந்தைங்க கப்பல்னு பேர் வாங்கின டிஸ்னியில ஆளுக்கு ரெண்டு. ரம், விஸ்கி மாதிரி சரக்கை விடறதில்லை. வழியில கரையில இறங்கி வாங்கினாலும், வாங்கி வெச்சுக்கிட்டு கடைசியிலதான் திருப்பிக் குடுக்கறாங்க. அது சரியான ஏற்பாடு. போதை தலைக்கேறி மேல்தளத்துல தள்ளாடறவனைக் கடல் சும்மா விடாது. நம்ம மகாராஷ்டிரச் சட்டத்துலயே ஒயினுக்கும் பீருக்கும் 21 வயசு, மத்ததுக்கு 25. ஒயின் வேற, ரம் வேறன்னு அரசாங்கத்துக்கே தெரியும்.

ஒரு வேடிக்கை சொல்றேன். 2021 செப்டம்பர்ல மும்பையிலேருந்து உல்லாசப் பயணம் ஓட ஆரம்பிச்ச எம்ப்ரஸ் கப்பல் இந்தியாவுக்காகப் புதுசாக் கட்டினது இல்லை. 1990-ல நார்டிக் எம்ப்ரஸ்ங்கற பேர்ல ராயல் கரீபியனுக்காகக் கடல்ல இறங்கினது. பல வருஷம் அமெரிக்கப் பக்கம் ஓடிட்டு நம்ம கரைக்கு வந்துச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடி, அதே இரும்பு, அதே படிக்கட்டு வழியா ஜனங்க ஒயின் பாட்டிலைக் கையில பிடிச்சுட்டு ஏறியிருக்காங்க. கப்பல் முழுகலை.

அதனால, எந்த ஏஜெண்ட்டோ எந்தக் கம்பெனியோ "பாதுகாப்பு"ன்னு ஆரம்பிச்சா தயவுசெஞ்சு தலையாட்டாதீங்க. "எங்க பார் ஓடணும்"னு நேராச் சொல்லட்டும், உக்காந்து பேசலாம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்லயும் சாப்பாடு விக்கறாங்க. ஆனா புனேல ஏறி மதுரையில இறங்கற வரைக்கும் நம்ம புளியோதரையையும் மிளகாய்ப்பொடி இட்லியையும் யாராவது திறந்து பார்க்கறாங்களா? நம்மள்து நம்ம மடியில, அவங்க விக்கறது அவங்க வாளியில. ரெண்டும் ஒரே பெட்டியில ஓடலையா என்ன?

இப்ப மவுத்வாஷ் கோஷ்டிக்கு வர்றேன். அண்ணன்மாரே, உங்க மேலதான் எனக்கு அதிகக் கோபம். நீங்க ஜெயிச்சா என்ன நடக்கும்? அடுத்த தடவை மவுத்வாஷ், எண்ணெய், இருமல் மருந்துன்னு எல்லா பாட்டிலையும் திறந்து மோந்து பார்ப்பாங்க. நீங்க வாய் சாமர்த்தியத்துல தப்பிச்சுடுவீங்க. பாஷை தெரியாம, மறைக்கவும் தெரியாம, பையைத் திறந்து முறுக்கை நீட்டற கிழவிதான் மாட்டுவாங்க. எங்கம்மா பையை அன்னிக்குத் திறந்தது அந்தக் காவல்காரப் பொண்ணு மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி குவார்ட்டர் பாட்டிலை இடுப்புல செருகிட்டுப் போன அத்தனை பேரும் சேர்ந்துதான் திறந்தாங்க.

"பிடிக்கலேன்னா போகாதீங்க" கோஷ்டிக்கு ஒரே வார்த்தை. அம்மா அதைத்தான் செஞ்சாங்க. பிடிக்கலை, போறதில்லை. உங்க பேச்சைக் கேட்டதால எங்க வீட்டுல ஒருத்தர் குறைஞ்சு போய் படம் பார்க்கறோம்.

நான் கேக்கறது பெரிய புரட்சி இல்லை. எதைக் கொண்டு வரலாம், கூடாதுங்கறதைப் பணம் கட்டற பக்கத்துலயே பெரிய எழுத்துல போடட்டும். பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின், நியாயமான கார்க்கேஜோட விடட்டும். சர்க்கரைக்காரங்க, குழந்தைங்க, பத்தியக்காரங்க சாப்பாட்டை எதிர்க்கேள்வி கேக்காம விடட்டும். எதையாவது வாங்கி வெச்சா கையெழுத்துப் போட்ட ரசீது குடுத்து, இறங்கும்போது திருப்பிக் குடுக்கட்டும். பையைத் திறக்கறதை வரிசைக்கு நடுவுல வேண்டாம், ஒரு ஓரமா வெச்சுக்கட்டும். இந்த அஞ்சையும் ஒரு கடிதமா எழுதி ஏஜெண்ட் கிட்ட குடுத்திருக்கேன். பதினோரு வீட்டுல ஏழு வீடு கையெழுத்துப் போட்டாச்சு. பதில் எழுத்துல வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கட்டறதில்லைன்னு முடிவு. நீங்களும் பதினஞ்சு இருபது பேராக் கிளம்பறீங்கன்னா கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. கட்டினதுக்கப்புறம் கேட்டா எவனும் மதிக்க மாட்டான்.

அனுமதி இல்லைன்னு பதில் வந்தா? பாட்டில் பீரோவிலயே இருக்கும், திரும்பி வந்து திறப்போம். ஒளிச்சு எடுத்துட்டுப் போக மாட்டேன். தங்கமணியும் அதே கட்சி.

நேத்து ராத்திரி மதுரைக்கு போன் பண்ணி அம்மாவைக் கூப்பிட்டேன். "கப்பல்ல போகலாம்மா, நீ கப்பலே பார்த்ததில்லையே"ன்னேன். ரொம்ப சந்தோஷமா எத்தனை நாள், யார் யார் வர்றாங்கன்னு எல்லாம் விசாரிச்சாங்க. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஏன்டா, அங்கயும் பையைத் திறந்து பார்ப்பாங்களா?"ன்னாங்க.

"கேட்டு எழுதியிருக்கேன்மா. பதில் வரட்டும்"னு சொல்லி வெச்சிருக்கேன்.

பி.கு: எவர்சில்வர் டப்பா, மூடியில பேர் பொறிச்சது, புனேல யார் கண்ணுலயாவது பட்டா சொல்லுங்க. ஏழெட்டு வருஷம் ஆயிடுச்சுன்னு தெரியும். இருந்தாலும்.